ஊர்வனவற்றின் உறையுள்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற்காட்டில் வாழும் உடும்பு, கதிரவன் எழுந்த பின்னரே வளையினின்று வெளிப்படும். வெயிலிற் கிடந்து உடல் வெம்மை பெற்றபின் இரை தேடும். உச்சிவெயில் கொளுத்துங்கால் நிழலையோ வளையையோ நாடும். நம்மைப் போல உடலுக்குள்ளேயே போதிய வெப்பத்தை உண்டாக்கிக் காக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. வெம்மை குன்றின் உண்ட இரை செரியாது. மிகின் உயிர் நீங்கும்.

வெயில் அரிதாகிய குளிர்நாட்டில் இத்தகைய உயிர்களைக் காப்பது எங்ஙனம்? இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் 1927ஆம் ஆண்டு ஊர்வனவற்றுக்கென ஓர் இல்லம் திறக்கப்பெற்றது. அதற்குத் திட்டம் வகுத்தவர் ஜோன் புரோக்டர் என்னும் அம்மையார். மின்சாரத்தால் வெம்மையூட்டப்பெற்ற அவ்வில்லத்தில், இடத்துக்கு இடம் வெப்பம் வேறுபட அமைக்கப்பெற்றது. உடும்பினத்துள் மிகப் பெரியதாகிய கொமோடோ உடும்பும் அங்கு வாழ்ந்தது.

இத்தகைய கூடத்தில் ஒருபுறம் விளக்கின் வெம்மையும் மறுபுறம் குளிர்ந்த நிழலும் இருத்தல் வேண்டும். எங்கும் ஒரே வெம்மையாயின், ஒதுங்க இடமின்றி உயிர் வாடும். விளக்கு உடலைச் சுடாவண்ணம் கம்பிவலை வேண்டும். உடும்பு நிலத்தைத் தோண்டும். ஆதலின் சுவரின் அடித்தளம் ஆழ்ந்திருத்தல் வேண்டும்.

மாமல்லபுரத்துக்கு அருகே, வடநெம்மேலியில் 1976இல் தோன்றிய முதலைப் பண்ணையில் கதிரவனே வெம்மை அளிக்கின்றான். முதலைகள் கரையில் வெயில் காயும். வெம்மை மிகின் நீரில் இறங்கும்.

கரிசற்காட்டு உடும்புக்கோ அதன் வளையே தக்க இல்லம். அதனைப் பிடித்து வளர்த்தலை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. அடைபட்ட உயிர்க்கு வெயிலையும் நிழலையும் தானே தேர்ந்துகொள்ள இடமளித்தல் காப்போர் கடனாகும்.