கீழ்ப் பல்செட் ஏன் நிற்பதில்லை?

மேல் செட் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது, கீழ் செட்தான் பேசும்போதும் சாப்பிடும்போதும் எழும்பி எழும்பி வருகிறது. முழுப் பல்செட் கட்டிக்கொண்டவர்கள் பலரும் சொல்லும் குறை இது. டாக்டர் அளவு எடுத்ததில் பிசகு என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். பிசகு இருக்கவும் கூடும். ஆனால் நன்றாகச் செய்த செட்டும் கீழ்த் தாடையில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். பல் கட்டுவதற்கு முன்பே நோயாளிக்குச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

மேல் செட் ஈறோடு நிற்பதில்லை. அண்ணம் முழுவதையும் மூடுகிறது. தகட்டுக்கும் சதைக்கும் இடையில் எச்சில் மெல்லிய படலமாகப் பரவுகிறது. ஈரமான இரண்டு கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளுமே, அதே விசைதான் இங்கும். விளிம்பைச் சுற்றிக் காற்றுப் புகாமல் இருந்தால், தகட்டை இழுக்கும்போது வளிமண்டல அழுத்தமும் துணைக்கு வருகிறது. மேலை நாடுகளில் இது வெகுநாள் பிடிபடவில்லை. மேல் செட்டையும் கீழ் செட்டையும் சுருள்வில்லால் இணைத்து, வில்லின் உந்துதலில் நிறுத்தி வைத்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் அணிந்ததும் அப்படிப்பட்ட செட்தான். ஜப்பானிலோ, 1538இல் மறைந்த ஒரு பௌத்தப் பிக்குணி மரத்தில் செதுக்கிய மேல் செட்டை அணிந்திருந்தார். அது வில்லே இல்லாமல் அண்ணத்தைப் பற்றி நின்றது.

கீழே இந்த வசதி இல்லை. நடுவில் நாக்கு இருப்பதால் தகட்டை லாடம்போல் வளைத்துத்தான் செய்ய முடியும். பல்லில்லாத மேல் தாடையில் தகடு உட்கார சராசரியாக 23 சதுர செ.மீ. இடம் கிடைக்கிறதென்றால், கீழே கிடைப்பது 12 அளவில்தான். நாக்கு ஒரு பக்கம் தள்ளுகிறது, கன்னத்துத் தசை மறுபக்கம் தள்ளுகிறது. சர்க்கரை நோயாலோ சில மாத்திரைகளாலோ வாய் உலர்ந்து போகிறவர்களுக்குப் பிடிப்பு இன்னும் குறையும்.

இதைவிடப் பெரிய காரணம் எலும்பு. பல் போனபின் அதைத் தாங்கிய எலும்புக்கு வேலை இல்லை. அது கரையத் தொடங்குகிறது. முதல் சில மாதங்களில் வேகமாக, பிறகு மெதுவாக, ஆனால் ஆயுள் முழுக்க. 25 ஆண்டுகள் வரை நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து ஆன்ட்யே டால்கிரென் 1972இல் வெளியிட்ட ஆய்வில், முன்பக்கக் கீழ்த் தாடையின் மேடு மேல் தாடையைப் போல் சுமார் நான்கு மடங்கு தேய்ந்திருந்தது. பல் பிடுங்கிய அன்றே மாட்டிவிடும் உடனடிச் செட் சீக்கிரமே லூசாகிவிடுவதும் இதனால்தான். அதைத் தற்காலிகமாகத்தான் கருத வேண்டும்.

ஆகவே கழற்றி மாட்டும் பல் எதுவானாலும், கடிக்கும் பாரம் எங்கே இறங்குகிறது என்று கேளுங்கள். சில பற்கள் மட்டும் போனவர்களுக்கான பகுதிச் செட்டில் இந்தக் கேள்வி மிகவும் முக்கியம். அக்ரிலிக் தகட்டில் கம்பிக் கொக்கி வைத்தது விலை குறைவு, ரிப்பேர் சுலபம், பின்னால் இன்னொரு பல் போனாலும் அதிலேயே சேர்த்துவிடலாம். ஆனால் பாரம் பெரும்பாலும் ஈறு மேல் இறங்கும். கோபால்ட்-குரோமியத்தில் வார்த்த மெட்டல் செட்டில் மிச்சமிருக்கும் பற்களின் மேல் உட்காரும் சிறு தாங்கிகள் உண்டு. பாரம் பல் வேர் வழியாக எலும்புக்குப் போகும், ஈறு தப்பும். தகடும் மெல்லியது; காப்பியின் சூடு அண்ணத்துக்குத் தெரியும். செலவு கூடுதல்தான், ஆனாலும் மிச்சப் பற்கள் உறுதியாக இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

வளையும் நைலான் செட்டில் கம்பி வெளியே தெரியாது, பிளாஸ்டிக் கொக்கியும் ஈறு நிறத்திலேயே இருக்கும். முன்வரிசையில் ஒரு பல் போனவருக்கு அது சரி. கடைவாய்ப் பற்கள் பல போனவருக்கு அழகை மட்டும் காட்டி அதை விற்பது நியாயமில்லை. வழக்கமாக அதில் தாங்கி கிடையாது. வளைகிற தகடு மெல்லும் பாரத்தை ஈறிலேயே இறக்கும். உடைந்தாலும் ரிப்பேர் கடினம்.

கீழ் செட்டுக்கு உண்மையான தீர்வு நங்கூரம்தான். எல்லாப் பல்லையும் பிடுங்கச் சொன்னால், கோரைப்பல் வேர் இரண்டையாவது வேர் சிகிச்சை செய்து காப்பாற்ற முடியுமா என்று கேட்கலாம். வேர் இருக்கும் இடத்தில் எலும்பு அவ்வளவாகக் கரையாது. செட்டும் அந்த வேர்களின் மேல் உட்காரும். வேர் இல்லாதவர்களுக்கு முன் தாடையில் இரண்டு இம்ப்ளான்ட் வைத்து, அதில் கிளிப் மாதிரி மாட்டும் செட் இருக்கிறது. பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு முதல் தெரிவாக இதுவே இருக்க வேண்டும் என்று 2002இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தார்கள். செலவு இன்னும் பலருக்கு எட்டாத உயரத்தில் இருப்பதுதான் வேதனை.

எந்த வகையானாலும் இரவில் கழற்றிவிட வேண்டும். ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் இரு மடங்குக்கு மேல் இருந்தது. கழற்றியதைச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள்; கொதிநீரில் அக்ரிலிக் கோணிப்போகும். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், கீறலில் பூஞ்சை குடியேறும்; மென்மையான சோப்பும் பிரஷ்ஷும் போதும். வருடம் ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். எலும்பு கரைந்த அளவுக்கு உட்பக்கம் புதிதாக ஒரு படலம் பூசித் தருவார். பல நேரம் புதுச் செட் தேவைப்படாது.