வண்டிக்கும் ஒரு விசா

அமெரிக்காவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் மெக்சிகோவில் குடியேறுகிறார்கள். செலவு குறைவு, குளிரும் அவ்வளவாக இல்லை. போகும்போது சொந்தக் காரையும் ஓட்டிக்கொண்டே போவார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கும், நேயர்களே.

வெளிநாட்டு நம்பர் பிளேட் உள்ள கார் மெக்சிகோவின் உட்பகுதிக்குள் போக, தனியாகத் தற்காலிக அனுமதி வேண்டும். அதை வழங்குவது பான்ஹெர்சிட்டோ. அது ராணுவத்தினருக்கான வங்கி! கட்டணம் போக, காரின் வயதைப் பொறுத்து 200 முதல் 400 டாலர் வரை பிணைத்தொகை கட்ட வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு அதிகபட்சம் 180 நாள். கெடுவுக்குள் காரை வெளியே கொண்டுபோய், எல்லையில் அனுமதியை ரத்து செய்தால் பணம் திரும்பும். ரத்து செய்ய மறந்தால், அடுத்த முறை வேறு காருக்கும் அனுமதி கிடைக்காது.

தற்காலிகக் குடியிருப்பு விசா வைத்திருப்பவருக்கு, விசா உள்ளவரை காரும் இருக்கலாம். ஆனால் விசாவைப் புதுப்பித்ததும் சுங்கத் துறைக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். குடிவரவு அலுவலகம் ஒரு பக்கம், சுங்கம் இன்னொரு பக்கம். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இதைவிட வேடிக்கை, நிரந்தரக் குடியிருப்பு விசா கிடைத்துவிட்டால் உட்பகுதியில் வெளிநாட்டு பிளேட் காரை வைத்திருக்கவே கூடாது! ஆள் தங்கலாம், கார் கிளம்ப வேண்டும். இல்லையென்றால், விதி இடம் கொடுக்கும் காராக இருந்தால், வரி கட்டி மெக்சிகோ பிளேட் வாங்கிக்கொள்ளலாம்.

பாஹா கலிபோர்னியா தீபகற்பத்துக்குள் மட்டும் ஓட்டுவதென்றால், இந்த அனுமதிச் சீட்டே தேவையில்லை.