செல்லுக்குள் ஓடும் குப்பை வண்டி

பதினொன்றாம் வகுப்பில் பயாலஜிக்குப் பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துத் தப்பித்தவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நானும் அந்தக் கட்சிதான்.

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லும் தன்னிடம் உள்ள பழுதான புரதம், ஓய்ந்துபோன மைட்டோகாண்ட்ரியா எல்லாவற்றையும் இரட்டைச் சவ்வு உள்ள ஒரு பையில் சுருட்டுகிறது. அந்தப் பையை லைசோசோம் என்கிற அமிலப் பையோடு சேர்த்துக் கரைத்து, மிஞ்சுவதை மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. இதுதான் ஆட்டோஃபேஜி, தமிழில் தன்னுண்ணல். ஈஸ்ட்டில் இதற்கான ஜீன்களைக் கண்டுபிடித்த யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது. இதுவரைக்கும் விரதம் பற்றிய எந்த யூடியூப் வீடியோவிலும் சொல்லிவிடுவார்கள். அந்தப் பை லைசோசோமிடம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

மிதந்து போகும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை போகும் ஒரு நரம்புச் செல்லை யோசித்துப் பாருங்க. அதன் ஆக்ஸான் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். பாதத்துப் பக்க நுனியில் உருவாகும் பை, வழியிலேயே கரைக்கும் வேலையை ஆரம்பித்துக்கொண்டு, விநாடிக்குச் சுமார் அரை மைக்ரோமீட்டர் வேகத்தில் செல்லின் உடலை நோக்கி வருகிறது. கணக்குப் போட்டால் 20 லட்சம் விநாடி, அதாவது நிற்காமல் வந்தாலே 23 நாள். தானாக மிதந்து வரவேண்டும் என்றால் நம் ஆயுள் போதாது.

அதனால் செல்லுக்குள் ரோடு இருக்கு. மைக்ரோடியூப்யூல் என்று பெயர். அதன்மேல் நடக்கும் மோட்டார் புரதங்கள் இரண்டு வகை. கைனசின் பெரும்பாலும் வெளி ஓரத்தை நோக்கி இழுக்கும், டைனீன் உள்பக்கம் இழுக்கும். சிக்கல் என்னவென்றால், ஒரே பையில் இரண்டும் ஒட்டியிருக்கும். நம்ம ஜிஎஸ்டி ரோட்டில் ஒரே ஷேர் ஆட்டோவைத் தாம்பரத்துக்கு ஒரு டிரைவரும் செங்கல்பட்டுக்கு இன்னொரு டிரைவரும் ஓட்டுகிற கதை. புதிதாக உருவான பை உண்மையிலேயே முன்னும் பின்னும் அல்லாடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து ஒரே திசையில் போக ஆரம்பிக்கிறது. அந்த முடிவை எது எடுக்கிறது?

இந்த இடத்தில் ஒரு இந்திய லேப் வருகிறது. மும்பை டிஐஎஃப்ஆரில் இருந்தபோது ரூப் மாலிக் குழு, செல் விழுங்கிய லேட்டக்ஸ் மணிகளை லேசர் ஒளியால் பிடித்து நிறுத்தி, மோட்டார்கள் எவ்வளவு விசையோடு இழுக்கின்றன என்று அளந்தது. வெளியிலிருந்து விழுங்கியதைச் சுமக்கும் பை ஃபேகோசோம். தன்னுண்ணல் பைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்க, ரோடும் மோட்டாரும் இரண்டுக்கும் பொது. ஒரு கைனசின் 5, 6 பைகோநியூட்டன் இழுக்கும். ஒரு டைனீனால் ஏறக்குறைய 1தான் முடியும். அப்புறம் எப்படி டைனீன் ஜெயிக்கிறது?

தேர் இழுக்கிற மாதிரி, கூட்டமாக. சுமை ஏறினால் டைனீன் தன் எட்டைச் சின்னதாக்கிக்கொள்கிறது, கியர் குறைப்பது போல. முன்னால் போகிறது மெதுவாகும், பின்னால் வருகிறது வந்து சேரும், பாரம் பிரியும். கைனசினுக்கு இந்தக் கூட்டு வேலை அவ்வளவாக வராது. 2013-ல் இது வெளிவந்தது. 2016-ல் அதே குழு அடுத்த கேள்விக்குப் போனது. சவ்வு முழுக்கச் சிதறிக் கிடக்கும் டைனீன்கள் எப்போது ஒன்றுசேர்கின்றன? பை முதிர முதிர அதன் சவ்வில் கொலஸ்ட்ரால் சேர்ந்து திட்டுத் திட்டாகிறது. டைனீன்கள் அந்தத் திட்டுகளில் குவிகின்றன. ஒரே இடத்தில் இருப்பதால் பல டைனீன்கள் ஒரே நேரத்தில் ரோட்டைப் பிடிக்க முடிகிறது. அவ்ளோதான், அல்லாட்டம் முடிந்தது. கொலஸ்ட்ரால் என்றால் ஹார்ட் அட்டாக் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்!

தன்னுண்ணல் பையிலும் இதே கொலஸ்ட்ரால் பேசுகிறது. அங்கே ஓஆர்பி1எல் என்ற புரதம்தான் சென்சார். கொலஸ்ட்ரால் குறைந்தால் அது பையை என்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தோடு கட்டிப்போட்டு, டைனீன் பயணத்தையும் லைசோசோமோடு இணைவதையும் தடுக்கிறது. நரம்புச் செல்லில் கூடுதலாக ஒரு பூட்டும் உண்டு: பையின் மேல் உள்ள எல்சி3 புரதம் ஜிப்1-ஐப் பிடித்துக்கொண்டு, அது கைனசினை முடுக்கிவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

இந்த ரோட்டை மறித்தால் என்ன ஆகும் என்பதை ஒரு ஒட்டுண்ணி நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறது. காலா அசார் நோய்க்குக் காரணமான லீஷ்மேனியா டோனோவானி, நம் நோய் எதிர்ப்புச் செல்களுக்குள்ளேயே குடியிருக்கும். அதன் உடல்மேல் உள்ள எல்பிஜி என்ற கொழுப்பு-சர்க்கரை மூலக்கூறு (கேஸ் சிலிண்டர் இல்லை) அந்தக் கொலஸ்ட்ரால் திட்டுகளைக் கலைத்துவிடுகிறது. டைனீன்கள் சிதறுகின்றன, விசை குறைகிறது, பை லைசோசோமை நோக்கி நகரத் திணறுகிறது. ஒட்டுண்ணி கரையாமல் பிழைக்கிறது. சிகிச்சை இல்லையென்றால் மண்ணீரல் வீங்கி, நோயாளி பெரும்பாலும் இறந்துவிடுவார். பீகாரிலும் ஜார்க்கண்டிலும் பல தலைமுறைகள் இதைப் பார்த்திருக்கின்றன.

பெயரில் இருக்கும் டோனோவான் யார் தெரியுமா? சார்லஸ் டோனோவான், மெட்ராஸில் வேலை பார்த்த டாக்டர். மறைமலை நகரில் லோக்கல் ட்ரெயின் ஏறினால் போய் இறங்கலாம், சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிற அதே ஜிஎச். 1903-ல் ஒரு நோயாளியின் மண்ணீரலில் இருந்து எடுத்த மாதிரியில்தான் அவர் இந்த ஒட்டுண்ணியைப் பார்த்தார். அது செல்லுக்குள் வண்டியை எப்படி நிறுத்துகிறது என்று மும்பையிலிருந்து பதில் வர 113 வருஷம் ஆச்சு.