செல்போனைத் தட்டும் "குரங்கு"!

ஒரு செல்போன் மேசைமேல் கிடக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் திரை ஓயாமல் மாறுகிறது. பொத்தான்கள் தாமாகவே அழுந்துகின்றன. எழுத்துகள் தாமாகவே விழுகின்றன.

பேய் வேலை அல்ல. "குரங்கு" வேலை!

செல்போன் செயலிகளில் கோளாறு உண்டா என்று தட்டிப் பார்க்கும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்குத்தான் இந்தப் பெயர்.

பக்குவம் ரகசியம்

அல்வாக் கடைக்காரர் பக்குவத்தை வெளியே சொல்ல மாட்டார். தின்று பார்த்துத்தான் நல்லதா, கெட்டதா என்று அறிய வேண்டும். செயலியும் அப்படியே. அதை எழுதிய மூல எழுத்து, பெரும்பாலும் செய்த கம்பெனியிடமே இருக்கும். மற்றவர்கள் பார்க்க முடியாது. ஆகவே, வெளியில் இருந்தபடியே தட்டிச் சோதிக்கிறார்கள். மனிதன் தட்டினால் கை ஓயும். எந்திரத்துக்கு அலுப்பே கிடையாது!

முதல் குரங்கு

இந்தக் குரங்கு பிறந்தது 1983-ல், அமெரிக்காவில். ஆப்பிள் கம்பெனியின் "மெக்கின்டாஷ்" கம்ப்யூட்டர் விற்பனைக்கு வர இருந்த நேரம். ஸ்டீவ் கேப்ஸ் என்ற நிபுணர் இதை எழுதினார். கோபம் கொண்ட குரங்கு ஒன்று உட்கார்ந்து கண்டபடி அடிப்பதுபோல் இருந்தது. பெயரும் அப்படியே நிலைத்துவிட்டது.

அதில் ஒரு வேடிக்கை. கண்டதையும் தட்டிய குரங்கு, "வெளியேறு" என்ற கட்டளையையும் தட்டியது. சோதனை பாதியில் முடிந்தது! குரங்கு வேலை செய்யும்போது அந்தக் கட்டளை பலிக்காதபடி பிறகு ஏற்பாடு செய்தார்கள்.

ஆண்டிராய்டு போன்களுக்கும் "குரங்கு" என்ற பெயரிலேயே ஒரு கருவி உண்டு. செயலியின் பெயரையும், எத்தனை தட்டு என்பதையும் சொன்னால் போதும். செயலி படுத்துவிட்டால் குரங்கும் நின்றுவிடும். மறுபடி அதே வரிசையில் தட்டச் செய்யவும் வழி உண்டு. திருடன் வந்த வழி தெரிந்தால்தானே அதை அடைக்கலாம்?

558 கோளாறுகள்

2016-ல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த கே மாவ், மார்க் ஹார்மன், யூ ஜியா என்ற மூவர், "சேப்பியன்ஸ்" என்ற கருவியைப் பற்றி வெளியிட்டார்கள். இது வெறும் குரங்கு அல்ல. பலவிதமாகத் தட்டிப் பார்க்கும். புதிய இடங்களுக்குப் போகும் வரிசை, கோளாறைக் காட்டும் வரிசை, சுருக்கமான வரிசை ஆகியவற்றை விதைநெல்போல் பொறுக்கி எடுக்கும். ஒன்றோடு ஒன்றைக் கலந்து புது வரிசை உண்டாக்கும்.

பிரபலமான 1,000 செயலிகளை, மூல எழுத்து இல்லாமலே சோதித்தார்கள். அதுவரை யாரும் அறியாத 558 கோளாறுகள் அகப்பட்டன! 2017-ல் பேஸ்புக் கம்பெனி இதைத் தன் செயலிகளைச் சோதிக்க எடுத்துக்கொண்டது.

கணக்குத் தெரியாது

ஊரில் இருக்கும் தாய்க்கு மகன் 500 ரூபாய் அனுப்புகிறான். செயலியின் தவறால் 5,000 ரூபாய் போய்விடுகிறது. செயலி நிற்கவில்லை. ஆகவே குரங்கு, "எல்லாம் சரி" என்றே சொல்லும்!

இந்தத் தவறைப் பிடிக்க, சரியான விடையை மனிதர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். "அப்பியம்" போன்ற கருவிகள் அதன்படி பொத்தானை அழுத்தி, திரையில் தெரியும் தொகையை ஒத்துப் பார்க்கும். இதற்கென்றே தனிக் கணக்கு வைப்பார்கள். அதில் நிஜப் பணம் இராது.