நகர் காக்கும் விளையாட்டு



போரில் தாக்குதல் ஒரு கலை. காத்தல் மற்றொரு கலை. இவ்விரண்டையும் நம் முன்னோர் வேறுபடுத்தி அறிந்திருந்தனர். பகைவருடைய மதிலை வளைத்துப் போரிடுவதை உழிஞை என்றும், மதிலின் உள்ளிருந்து காப்பதை நொச்சி என்றும் அவர்கள் வழங்கினர். தொல்காப்பியர் நொச்சியை உழிஞைக்குள் அடக்கிக் கூறினார். பின்னர் எழுந்த புறப்பொருள் வெண்பாமாலை அதனைத் தனித்திணையாகவே வகுத்தது. வள்ளுவர் அரண் என்று ஓர் அதிகாரம் அமைத்து, மதிலின் உயரம், அகலம், உறுதி முதலியவற்றையெல்லாம் சொன்னார். ஆனால் அவ்வதிகாரத்தை முடிக்கும்போது, எத்துணைப் பெருமை உடையதாயினும் செயல்திறம் இல்லாதவரிடத்தில் அரண் இருந்தும் இல்லாததே என்றார். மதில் ஒன்று, அதனைக் காக்கும் கை ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் காவல். இவ்வுண்மையை விளையாட்டாகவே கற்பிக்கும் ஒருவகை வீடியோ விளையாட்டைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

விளையாட்டைப் பற்றிப் பேச வந்தவர் வள்ளுவரை ஏன் அழைக்கிறார் என்று நீங்கள் நினைக்கலாம். விளையாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று; ஒரு மக்கள் கூட்டம் எதனை எண்ணி அஞ்சியது, எதனைக் காக்க விரும்பியது என்பதையும் அது காட்டும். நம் ஆடுபுலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கோயில் மண்டபத்துக் கல்தரைகளிலும் பாறைகளிலும் இதன் கோடுகள் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் ஆற்றல் கிடையாது. ஆயினும் ஆடுகள் இடைவெளி விடாமல் ஒன்றற்கொன்று துணையாக நின்றால் புலி அசைய வழியின்றி அடைபடும். வலிமையற்றவரின் காவல், ஒழுங்காக நிற்பதில் இருக்கிறது என்பதே இதன் பாடம். ஆனால் இதில் அவசரம் இல்லை. ஒரு காயை நகர்த்த எவ்வளவு நேரமும் எண்ணலாம். இது முழுவதும் மூளையின் ஆட்டம்.

இதற்கு நேர்மாறானது கையின் ஆட்டம். 1978-ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டின் டைட்டோ நிறுவனத்தில் தோமோஹிரோ நிஷிகாடோ என்பவர் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்னும் விளையாட்டை உருவாக்கினார். வேற்றுலகப் பகைவர் வரிசை வரிசையாக மேலிருந்து இறங்கி வருவர்; ஆடுபவர் கீழே ஒரு பீரங்கியை இடமும் வலமும் நகர்த்திச் சுட வேண்டும். முன்னால் நான்கு தடுப்புச் சுவர்கள் உண்டு. குண்டு படப்பட அவை உதிர்ந்து கரையும். உதிர்ந்த சுவரை அவ்வாட்டத்தினிடையே செப்பனிட வழியில்லை. விரைந்து சுடுபவனே இதில் நிலைப்பான்.

இவ்விரண்டு வகையையும் ஓரளவு இணைத்தது 1980-இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட மிசைல் கமாண்ட். இதனை அமைத்தவர் டேவ் தியூரர். திரையின் அடியில் ஆறு நகரங்கள்; அவற்றைக் காக்க மூன்று தளங்கள்; ஒவ்வொரு சுற்றிலும் தளத்திற்குப் பத்து எதிர்ப்புக் கணைகள். வானிலிருந்து பகைவரின் ஏவுகணைகள் கோடு கிழித்துக்கொண்டு இறங்கும். ஏவுகணை இப்போது இருக்கும் இடத்தைக் குறிவைத்தால் தவறிவிடும். அடுத்த நொடியில் அது வந்து சேரும் இடத்தைக் கணித்து, அங்கே நம் கணை வெடிக்குமாறு செய்ய வேண்டும். முப்பது கணைகளையும் அள்ளி இறைத்துவிட்டால் பின்னர் வருவதைத் தடுக்க ஒன்றும் இராது. ஆகவே ஒரு கட்டத்தில், எந்த நகரைக் காப்பது, எதனைக் கைவிடுவது என்று முடிவு செய்ய நேரும். அம்முடிவு எளிதன்று. இவ்விளையாட்டில் வெற்றி என்பதே கிடையாது. ஆறு நகரங்களும் அழிந்த பின்னரே ஆட்டம் முடியும். அணுப்போர் அச்சம் உலகைப் பற்றியிருந்த காலம் அது. இதனை அமைத்துக்கொண்டிருந்த நாட்களில் நகரங்கள் அழிவதாகத் தீய கனவுகள் கண்டதாகத் தியூரர் பின்னாளில் கூறியிருக்கிறார்.

பத்தாண்டுகள் கழித்து, 1990-இல், அட்டாரி கேம்ஸ் வெளியிட்ட ராம்பார்ட் என்னும் விளையாட்டில் மூளையும் கையும் சரிபாதியாகச் சேர்ந்தன. ராம்பார்ட் என்றால் மதில் என்றே பொருள். ஆடுபவர் முதலில் ஒரு கோட்டையைத் தேர்ந்துகொள்கிறார். அதனைச் சுற்றி மதில் எழுகிறது. மதிலுக்குள் பீரங்கிகளை எங்கே நிறுத்துவது என்று அவர் திட்டமிட வேண்டும். அடுத்துப் போர் தொடங்குகிறது. கடலில் வரும் கப்பல்களைக் குறிபார்த்துச் சுட வேண்டும். கப்பல்களோ மதிலை இடிக்கின்றன. போர் ஓய்ந்ததும் மூன்றாம் கட்டம் வருகிறது. இதுவே இவ்விளையாட்டின் உயிர்நிலை. சில விநாடிகளே கிடைக்கும். அதற்குள், பல வடிவங்களில் வரும் மதில் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பொருத்தி இடிந்த இடங்களை அடைத்தாக வேண்டும். ஒரு கோட்டையையேனும் இடைவெளியின்றிச் சூழ்ந்து முடித்தால் ஆட்டம் தொடரும். ஒரே ஒரு துண்டின் அளவு இடைவெளி எஞ்சினாலும் அம்மதில் மதிலாகக் கொள்ளப்படாது. பின்னாளில் பெருகிய கோபுரக் காவல் விளையாட்டுகளுக்கு இதனை முன்னோடியாகக் கருதுவர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ராம்பார்ட்டில் தோற்பவர் பலர் போரின்போது தோற்பதில்லை. போர் ஓய்ந்த இடைவேளையில் தோற்கிறார்கள். நன்றாகச் சுடத் தெரிந்தவன், அடைக்கத் தெரியாமையால் வீழ்கிறான்.

இது திரையில் மட்டும் நடப்பதன்று. எங்கள் சிறுவாச்சூர் பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையில் உள்ளது. அதே சாலையில் பெரம்பலூருக்கு வடக்கே சென்றால் ரஞ்சன்குடிக் கோட்டையைக் காணலாம். அகழியும், அரைவட்டக் கொத்தளங்களும், படிப்படியாக உயரும் மூன்று மதிலடுக்குகளும் உடைய கற்கோட்டை அது. இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1751-ஆம் ஆண்டு கருநாடகப் போரின்போது இப்பகுதியில், வாலிகண்டபுரத்தையொட்டி, இரு படைகள் எதிர்ப்பட்டன. ஒருபுறம் முகம்மது அலியும் ஆங்கிலேயரும். மறுபுறம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும். கோட்டைத் தலைவனைத் தம்பக்கம் சேர்க்க இருதரத்தாரும் முயன்றனர். அவனோ எவர் பக்கமும் உறுதியாகச் சாராமல் காலம் கடத்தினான். பொறுமையிழந்த ஆங்கிலப் படையினர் கோட்டைக்குப் புறத்தே இருந்த பேட்டையைத் தாக்கித் தீயிட்டனர். கோட்டையை மட்டும் அவர்களால் கைக்கொள்ள முடியவில்லை. பின்னர் நடந்த மோதலில் நிலைகுலைந்து, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குப் பின்வாங்கினர்.

கோட்டை நின்றது, பேட்டை எரிந்தது. வரலாற்று நூல்கள் கோட்டையின் கதையை விரிவாகச் சொல்லும். பேட்டையில் வாழ்ந்த நெசவாளரும் வணிகரும் உழவரும் என்ன ஆனார்கள் என்பதைச் சொல்வதில்லை. ராம்பார்ட்டிலும் மதிலைத்தான் எண்ணுகிறோம். மதிலுக்குள் வாழ்பவர் திரையில் தோன்றுவதில்லை. இவ்வகையில் மிசைல் கமாண்ட் ஒருபடி மேலானது என்பேன். அதில் தளங்கள் மூன்றும் அழிந்தாலும் ஒரு நகரம் எஞ்சியிருந்தால் ஆட்டம் தொடரும். நகரங்கள் ஆறும் அழிந்தபின் தளங்கள் இருந்தும் பயனில்லை. காவல் நகருக்காகவே, நகர் காவலுக்காக அன்று என்பதை அச்சிறு பொறி மறவாமல் சொல்கிறது.

இவ்விளையாட்டுகளை ஆடுங்கள் என்றோ, ஆடாதீர்கள் என்றோ சொல்ல நான் வரவில்லை. ஆடுவோர் இரண்டு கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு ஆடினால் நன்று. நான் காப்பது எதனை? போர் இல்லாத இடைவேளையில் நான் செய்வது என்ன? நம் மாவட்டத்து ஏரிகளை நினைத்துப் பாருங்கள். மழை கொட்டும் இரவில் மண்வெட்டியோடு கரைக்கு ஓடுவது வீரம்தான். ஆனால் கோடையிலேயே கரையின் பள்ளங்களை அடைத்து, மதகைச் செப்பனிட்டு, வரத்து வாய்க்காலைத் தூர்வாரிய ஊருக்கு அவ்வீரம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. குடிமராமத்து என்று நம் ஊரார் அதற்குப் பெயரிட்டனர். ஆரவாரமற்ற அந்த வேலைக்குப் பரணி பாடுவார் இல்லை. ஆயினும் ஊர்கள் பெரும்பாலும் அதனால்தான் பிழைத்திருக்கின்றன.