லினக்ஸில் ஓர் உட்கருவிலிருந்து மற்றோர் உட்கருவைத் தொடங்குதல்: கே-எக்செக் நுட்பம்

ஆய்வுச்சுருக்கம்

இயங்கிக்கொண்டிருக்கும் லினக்ஸ் உட்கருவே பிறிதோர் உட்கருவை நினைவகத்தில் ஏற்றி, கணினியின் கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கும் நுட்பம் கே-எக்செக் எனப்படும். இதன் செயல்முறை, உட்கரு நிலைகுலையும்போது சான்றுகளைக் காக்க இது பயன்படும் விதம், இதனால் எழும் பாதுகாப்புச் சிக்கல் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உட்கரு, கே-எக்செக், கே-டம்ப், நிலைபொருள், நினைவகம்

முன்னுரை

கணினி இயக்கப்பட்டவுடன் முதலில் செயற்படுவது நிலைபொருள் ஆகும். அது நினைவகத்தையும் பிற வன்பொருள்களையும் சோதித்தபின் தொடக்க நிரலை அழைக்கிறது; அந்நிரல் கெர்னல் எனப்படும் உட்கருவை நினைவகத்தில் ஏற்றுகிறது. மிகுந்த நினைவகம் கொண்ட வழங்கிகளில் இச்சோதனைக்கே சில நிமிடங்கள் செலவாகலாம். உட்கருவை மட்டும் மாற்றவேண்டிய வேளையிலும் இச்சுற்று முழுவதையும் கடக்க நேர்கிறது. இதனைத் தவிர்க்க எரிக் பீடர்மன் உருவாக்கிய கே-எக்செக், 2005ஆம் ஆண்டு வெளிவந்த லினக்ஸ் 2.6.13 பதிப்பில் இணைக்கப்பட்டது.

ஏற்றலும் தாவலும்

இந்நுட்பம் இரு கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டத்தில் புதிய உட்கரு, தொடக்கக் கோப்பு முறைமை, கட்டளை வரி ஆகியன நினைவகத்தில் சேர்த்துவைக்கப்படுகின்றன. அவை இறுதியில் அமரவேண்டிய இடங்களைப் பழைய உட்கரு பயன்படுத்திக்கொண்டிருக்கக்கூடும். எனவே அவை வேறு பக்கங்களில் வைக்கப்பட்டு, எப்பக்கம் எங்குச் செல்லவேண்டும் என்ற பட்டியல் மட்டும் உருவாக்கப்படுகிறது.

இரண்டாம் கட்டத்தில் சாதனங்களும் பிற செயலிகளும் நிறுத்தப்படுகின்றன. பின்னர் ஒரு சிறு நிரற்பகுதி, பட்டியலின்படி பக்கங்களை உரிய இடங்களுக்குப் படியெடுக்கிறது. பழைய உட்கரு அழிவது இப்போதுதான். அடுத்து, பர்கட்டரி என்னும் இடைநிரல் ஏற்றப்பட்டவற்றின் ஷா-256 மதிப்பைச் சரிபார்த்துப் புதிய உட்கருவிற்குத் தாவுகிறது.

நிலைபொருள் இடையில் செயற்படாமையால் சாதனங்கள் தொடக்க நிலைக்கு மீட்கப்படுவதில்லை. முறையாக நிறுத்தப்படாத வலையமைப்பு அட்டை ஒன்று, நினைவகத்தில் நேரடியாக எழுதுவதைத் தொடர்ந்தால் புதிய உட்கருவே சிதையக்கூடும்.

நிலைகுலைவும் சான்றும்

உட்கரு நிலைகுலைந்தால் அதன் காரணத்தை அறிய, அவ்வேளையில் நினைவகம் இருந்த நிலை தேவை. அதனை நிலைகுலைந்த உட்கருவே வட்டில் எழுதுவது இடர்மிக்கது. அதன் தரவுக் கட்டமைப்புகள் சிதைந்திருப்பின் கோப்பு முறைமையும் பாழாகலாம். கே-டம்ப் இதற்குத் தீர்வாகிறது. நினைவகத்தின் ஒரு பகுதி தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டு, அதில் மீட்பு உட்கரு முன்கூட்டியே ஏற்றப்படுகிறது. நிலைகுலைவின்போது அது படியெடுக்கப்படாமல் ஒதுக்கப்பட்ட இடத்திலேயே இயங்குவதால், பழைய நினைவகம் பெரிதும் மாறாதிருக்கிறது. மீட்பு உட்கரு அதனைக் கோப்பாக அளித்துச் சேமிக்க உதவுகிறது.

பாதுகாப்பு

உட்கருவை மாற்றவல்லவர் கணினி முழுவதையும் ஆளவல்லவர். முதலில் அமைந்த அழைப்பில், ஏற்றவேண்டிய பகுதிகளைப் பயனர் நிரலே ஆயத்தம் செய்து அளித்தது. அதனால் உட்கருவால் கையொப்பத்தைச் சரிபார்க்க இயலவில்லை. செக்யூர் பூட் கட்டிக்காக்கும் நம்பிக்கைச் சங்கிலி இங்கு அறுபடும் வாய்ப்பு இருந்தது. 2014இல் வெளிவந்த 3.17 பதிப்பின் புதிய அழைப்பில் உட்கருவே கோப்பைப் படிப்பதால் கையொப்பச் சோதனை இயன்றது.

முடிவுரை

நேரத்தை மிச்சப்படுத்தும் நோக்கில் எழுந்த கே-எக்செக், பிழையாய்வின் அடித்தளமாகவும் விளங்குகிறது. சாதனங்களை முறையாக நிறுத்துதல், ஏற்றப்படுவதன் நம்பகத்தன்மையைச் சோதித்தல் ஆகிய இரண்டுமே இதன் பயனை உறுதிசெய்கின்றன.