தொப்பி முடைந்த விரல்கள்

காஞ்சிரங்குளம், பாறசாலைப் பகுதியில் பனையோலை முடைந்து வளர்ந்தவர்களுக்கு அமெரிக்கச் சிறுவர்களின் பழைய புகைப்படங்கள் அந்நியமாகத் தோன்றாது. அந்தப் படங்களில் குழந்தைகள் வெறுந்தலையோடு நிற்பது அபூர்வம். கோடை வந்தால் வைக்கோல் தொப்பி வந்துவிடும்.

பண்ணை வீட்டுப் பையனுக்கு விளிம்பு அகன்ற முரட்டுத் தொப்பி. வசதியான நகரத்துச் சிறுவனுக்கு மாலுமித் தொப்பி. சுற்றிக் கட்டிய ரிப்பனின் நுனி பின்னால் தொங்கும். சிறுமிகளுக்குப் பூ வைத்து, தாடைக்குக் கீழே நாடாவால் கட்டும் பானெட். தொப்பியைப் பார்த்தே அப்பாவின் வருமானத்தைச் சொல்லிவிடலாம்.

ஆனால் இந்தத் தொழிலில் குழந்தைகள் தொப்பியை அணிந்தவர்கள் மட்டுமல்ல, பின்னியவர்களும்கூட. 1798-ல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் பெட்ஸி மெட்காஃப் என்ற 12 வயதுச் சிறுமி, கடையில் கண்ட இறக்குமதித் தொப்பியைப் போல ஓட்ஸ் வைக்கோலில் ஒன்றைத் தானே பின்னினாள். அக்கம்பக்கத்தாருக்கும் கற்றுக்கொடுத்தாள். காப்புரிமை கேட்கவில்லை. நியூ இங்கிலாந்தில் வைக்கோல் பின்னுவது விரைவிலேயே வீட்டுத் தொழிலாகப் பரவியது.

அடுத்து வந்தது ஓலை. 1830-களில் மாசசூசெட்ஸ் வியாபாரிகள் கியூபாவிலிருந்து பனை இன ஓலையை வரவழைத்து, கீறி, விவசாயக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் முடைந்தார்கள். கூலி பெரும்பாலும் காசாக வரவில்லை. கடைக் கணக்கில் வரவு வைக்கப்பட்டு, துணியாகவும் தேயிலையாகவும் கழிந்தது. அந்தத் தொப்பிகளில் ஏராளமானவை தென் மாநிலத் தோட்டங்களில் வெயிலில் உழைத்த கறுப்பின அடிமைகளின் தலைக்குப் போயின.

ஓலை முடையும் வேலை நம் எல்லைக் கிராமங்களுக்கும் தெரிந்ததுதான். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும், நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின. பனை மரங்கள் இரு பக்கமும் நின்றன. குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கீறி முடைந்தால் பெட்டி. அதே முடைச்சலுக்கு விளிம்பு வைத்தால் தொப்பி.

இன்று பிளாஸ்டிக்கும் துணித் தொப்பியும் மலிவு. குருத்து வெட்ட மரமேறுவோரும் குறைந்துவிட்டார்கள். மிஞ்சியிருக்கும் ஓலைத் தொப்பிக்குச் சந்தை, பெரும்பாலும் சுற்றுலாத் தலக் கடைகள்தான். அங்கே குழந்தைக்கு ஒன்று வாங்கும்போது பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். வெட்டுவது, உலர்த்துவது, கீறுவது, முடைவது எல்லாம் கைவேலை. அந்தப் பத்து ரூபாய் யாருடைய விரல்களிலிருந்து கழிகிறது என்பதை மாசசூசெட்ஸ் பண்ணை வீட்டுப் பிள்ளைகள் நன்றாகவே அறிந்திருப்பார்கள்.